திரும்பிய வேர்

தன் கிணறு வற்றியதற்குத் தம்பியின் புளியமரம்தான் காரணம் என்று முத்திருளன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். "வேரு ஒன் கெணத்துக்கு வந்திருந்தாக் காட்டுண்ணே, மரத்தை நானே சாய்ச்சுப்புடுறேன்" என்றான் தம்பி காசிமாயன். கூலிக்கு ஆள் விட்டால் அவனும் தம்பி பக்கம்தான் பேசுவான் என்று, கிழவர் தானே கடப்பாரையை எடுத்து வரப்போரம் தோண்டினார். தொடைக் கனத்துக்கு ஒரு வேர் அகப்பட்டது. மண்ணை விலக்கிக்கொண்டே அதன் பின்னால் போனார். நேராகக் கிணற்றைப் பார்த்துத்தான் வந்திருந்தது. "வாடி வா, திருட்டுச் சிறுக்கி" என்று சந்தோசமாகத் திட்டினார். கிணற்றுச் சுவருக்கு ஒரு முழம் இருக்கையில் வேர் வளைந்தது. மோந்து பார்த்து முகஞ்சுளித்தவள்போல மடங்கி, வந்த பக்கமே திரும்பி, தம்பி வீட்டுத் துணி துவைக்கிற கல்லைப் பார்க்கப் போயிருந்தது. மடங்கிய இடம் நேற்று இன்று மடங்கியதில்லை. கட்டையாக முற்றிக் கிடந்தது. "இங்கன ஒண்ணுமில்லைன்னு ஒனக்கு அப்பவே தெரியுமாடி?" என்றார்.

"என்னண்ணே, ஆம்புட்டுச்சா?" வரப்புக்கு அந்தப் பக்கம் காசிமாயன் வருவது கேட்டது.

முத்திருளன் காலால் மண்ணைத் தள்ளி வளைவை மூடி மிதித்தார். கிணற்றைப் பார்த்து நேராக வந்த பாகத்தை மட்டும் திறந்தே விட்டார்.

"ஆம்புட்டுச்சுடா. கோடாலிய எடுத்துட்டு வா."