பச்சை தெரியாத இடம்

இடுப்பில் மூங்கில் கூடையைக் கட்டிவிட்டார்கள். தலையில் ஓலைத் தொப்பியை வைத்தார்கள். ரவிசங்கர் வேண்டாம் என்று சொல்லவில்லை. காலையிலிருந்து அவன் எதற்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்று விடியற்காலையில் திருச்சியில் அவன் அப்பா இறந்துபோயிருந்தார்.

ஒரு கொழுந்து, இரண்டு இலை. அப்படித்தான் கிள்ள வேண்டும் என்று தேயிலைத் தோட்டத்துச் சீனப்பெண் செய்து காட்டினாள். இங்கே மருந்தே அடிப்பதில்லை, பூச்சிக்கும் ஒரு பங்கு உண்டு, களை தின்பதற்கு வாத்துகள் இருக்கின்றன என்று மைக்கில் பெருமையாகச் சொன்னாள். துபாய்ப் பக்கத்து அஜ்மானிலிருந்து ஒன்றாகச் சுற்றுலா கிளம்பி வந்த நான்கு குடும்பங்களும் தலையாட்டின. அவனும் ஆட்டினான்.

அழுகை வரவில்லை. வரும் வரும் என்று கிள்ளிக்கொண்டே இருந்தான். விரல் நுனிதான் பச்சையானது.

இந்த வருடம் லீவு இல்லை, கம்பெனியில் ஆடிட் என்று அப்பாவிடம் பொய் சொல்லியிருந்தான்.

அது ஒன்றும் பெரிய பாவமாக அப்போது படவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு லீவும் திருச்சிக்குத்தான். காதுகுத்து, கிரகப்பிரவேசம், யாரையாவது ஆஸ்பத்திரியில் போய்ப் பார்ப்பது. மனைவி தாமரை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வேறு எங்காவது போகலாமா என்று கேட்டாள். அவள் கேட்டதில் என்ன தப்பு? அப்பாவும், சரிப்பா, வேலையைப் பார் என்று போனை வைத்துவிட்டார்.

சீனாவில் வந்து இறங்கிய பிறகுதான் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வழக்கமான மூச்சிரைப்பு, இரண்டு நாளில் அனுப்பிவிடுவார்கள் என்றார்கள். அவனும் நம்பினான். நம்புவது வசதியாக இருந்தது.

ஷார்ஜாவில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் திருச்சி. காலையில் சேதி கேட்டுச் சாயங்காலம் வந்து நிற்கிற பிள்ளைகளை ஊர் எத்தனையோ பார்த்திருக்கிறது. இந்த மலையிலிருந்து போவதென்றால் ஒரு வேன், ஒரு ரயில், இரண்டு விமானம். அவனோ தலைப்பிள்ளை, கொள்ளி வைக்க வேண்டியவன்.

எப்போது வருகிறாய் என்று தம்பி ரகுநாதன் கேட்டிருந்தான். டிக்கெட் கிடைக்கவில்லை, எனக்காகக் காத்திருக்க வேண்டாம், நீயே செய்துவிடு என்று தட்டி அனுப்பினான் ரவிசங்கர். சரி என்று மட்டும் பதில் வந்தது. துபாயில் டிக்கெட்டுக்கா பஞ்சம் என்று தம்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் விட்டதில் ஆறுதலாகக்கூட இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தபோது அவனுக்கே கூசியது.

கூடையில் அடி மறையும் அளவுக்குக் கொழுந்து சேர்ந்தபோது போன் அடித்தது. வாட்ஸப்பில் வீடியோ கால். உடலை எடுப்பதற்கு முன் கடைசியாக முகம் பார்க்கக் கூப்பிடுகிறார்கள்.

கை தன் பாட்டுக்கு எடுத்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. அஜ்மானில் வாட்ஸப் கால் வேலை செய்யாது; பயணத்துக்கென்று வாங்கிய சிம்மில்தான் வேலை செய்கிறது. அதற்கென்றே போட்டிம் என்று வேறொரு செயலியை வீட்டில் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கே அதில்தான் கூப்பிடத் தெரியும். துக்க வீட்டு அவசரத்தில் தம்பி மறந்திருப்பான். மறந்தே இருக்கட்டும்.

அதைவிடப் பெரிய வினை முதுகுக்குப் பின்னால் இருந்தது. மலை முழுக்கப் பச்சை. அஜ்மானில் எந்த மூலையில் போய் நின்றாலும் இவ்வளவு பச்சை வராது.

கேமராவைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு ஓடினான். தொப்பி எங்கோ விழுந்தது. தேயிலை வறுக்கிற கொட்டகையின் பக்கவாட்டில் மண் சுவர் ஒன்று இருந்தது. மணல் நிறம். வளைகுடாவில் எந்தக் கட்டடத்துக்கும் பொருந்துகிற நிறம். அதில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்று விரலை எடுத்தான்.

ஒரு வாத்து கத்திக்கொண்டே அவன் காலடிக்கு வந்தது. தாமரை ஓடிவந்து துப்பட்டாவை வீசிச் சத்தமில்லாமல் அதை விரட்டினாள். மகள் ஷ்ருதி தூரத்தில் தன் போனைப் பார்த்தபடி நின்றாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அப்பா ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நெற்றி நிறைய விபூதி. மூக்குக் கண்ணாடி இல்லாததால் வேறு யாரோ போல இருந்தார். ரவிசங்கர் பார்த்தான். பார்க்கிறோம் என்று தெரிந்தது, அவ்வளவுதான். நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. திரையின் மூலையில் சின்னதாகத் தெரிகிற தன் முகத்துக்குத்தான் கண் திரும்பத் திரும்பப் போனது. தோளுக்குப் பின்னால் ஒரு இலையாவது எட்டிப் பார்க்கிறதா?

இல்லை. சுவர் மட்டும்தான்.

யாரோ பெரிதாக அழுதார்கள். படம் ஆடியது. தம்பியின் முகம் வந்தது. ஈரத் தலை, வீங்கிய கண்கள்.

"அண்ணே, ஏன் செவுத்தோரமா நிக்கிற? கொஞ்சம் தள்ளி நின்னு, ஷ்ருதி காலையில படம் அனுப்புன அந்தத் தேயிலத் தோட்டத்தக் காட்டு, அம்மா கேக்குறாங்க. அவ முன்னாடி அனுப்புன படத்தயெல்லாம், எம்புள்ள சீனா போயிருக்கான்னு அப்பா நேத்து வார்டு பூரா காட்டிக்கிட்டிருந்தாரு."

ரவிசங்கர் சுவரைவிட்டு நகர்ந்து, கேமராவை மலைப் பக்கம் மாற்றிப் பிடித்தான்.

அம்மா தம்பியின் கையிலிருந்து போனை வாங்கினாள். அவள் பார்க்கவில்லை. ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்கு மேலே கொண்டுபோய், திரை அப்பாவின் முகத்துக்கு நேராக இருக்கும்படி பிடித்துக்கொண்டாள்.