காற்று என்றொரு பொத்தான்

மகளிர் கல்லூரி ஆய்வகத்தின் அலமாரியில் கிடந்த பித்தளைக் குண்டு, எதிரே கணினித் திரையில் ஆடிய ஊசலைக் கேட்டது: "இன்றைக்கும் எல்லாருக்கும் புவியீர்ப்பு ஒன்பது புள்ளி எட்டுதானா?"

"ஆமாண்ணே. அறுபது பேருக்கும். பத்தே நிமிஷம்."

"நூலில் கட்டி ஆட்டிய காலத்தில் நான் ஒருத்திக்கும் அதைத் தந்ததில்லை. ஒன்பது புள்ளி ஐந்துதான் வரும். ஐந்தை அழித்துவிட்டு எட்டு என்று எழுதுவார்கள். மீனலோசனி என்றொருத்தி மட்டும் மின்விசிறியை நிறுத்தி, மறுபடி எண்ணி, வந்ததையே எழுதினாள். மார்க் போயிற்று. நான் வாயே திறக்கவில்லை."

திரை ஊசல் ஆடிக்கொண்டே சொன்னது:

"என்னிடமும் காற்று என்று ஒரு பொத்தான் இருக்கிறது. தொட்டால் விடை தப்பிவிடும் என்று சார் முதல் நாளே சொல்லிவிட்டார். இதுவரை ஒருத்தியும் தொடவில்லை, அண்ணே."