புரிந்த கவிதை

“அம்மா எதுக்கு ஊதணும்?” என்று கேட்டாள் கௌசல்யா.

அனுஷா பாடப்புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள். விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்தாள். கௌசல்யாவின் முகத்தில் விளையாட்டு இல்லை.

வாசித்துக் காட்டியது நான்கே வரி.

சோறு சுடுகிறது.
அம்மா ஊதுகிறாள்.
எனக்கு இன்னும்
மூன்று வயதுதான்.

பி.ஏ. தமிழ் வகுப்பில் இந்தக் கவிதைக்காகச் சண்டை போட்டவளே கௌசல்யாதான். புரியாமல் எழுதுவதெல்லாம் ஏமாற்று, கவிதை என்றால் கேட்டவுடன் கண் கலங்க வேண்டும் என்பாள்.

பொன்முடித் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து படிக்க வந்த அனுஷாவுக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் சிநேகிதி அவள். ஹாஸ்டல் சாப்பாடு இறங்காத நாட்களில் வலியசாலை அக்ரகாரத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

ஓணம் விடுமுறையில் அனுஷாவோடு பொன்முடிக்குக் கிளம்பியவள், வழியில் கல்லாற்றில் பாறை வழுக்கி விழுந்தாள். ஆற்றின் ஆழமான கயத்துக்குள் தேடி எடுக்க வெகு நேரமாயிற்று. முடிந்துவிட்டது என்றுதான் கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்தாள். எல்லோரும் அதிசயம் என்றார்கள்.

பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. சேர்ந்து உட்கார்ந்து படித்தால் பழையபடி ஆகிவிடுவாள் என்று நம்பித்தான் அனுஷா அந்த மத்தியானம் வந்திருந்தாள்.

சோறு சுடும், அதனால் ஊதுகிறாள் என்று விளக்கினாள். கௌசல்யா ‘சுடும்’ என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள், யாரோ புது பாஷை கற்றுக் கொடுத்ததுபோல. பிறகு வேறு ஏதாவது வாசிக்கச் சொன்னாள்.

அடுத்தது வகுப்பில் ஒருத்தருக்கும் பிடிபடாத கவிதை. பாடம் எடுத்த டீச்சரே, ஆளுக்கொரு அர்த்தம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

கரையேறியது ஈரம்.
பெயர் அடியில் கல்.
கூப்பிட்டால் திரும்புவது
எந்தத் தொண்டை?

வாசித்து முடிக்கும் முன்பே கௌசல்யா தலையாட்டத் தொடங்கியிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் முகம் அவ்வளவு தெளிந்து அனுஷா பார்த்ததில்லை.

“மேல வந்தது ஒண்ணு. பேருக்கு உடையவ வேற. இதுல புரியாம என்ன இருக்கு?”

பரீட்சைக்கு உதவும் என்று அனுஷா பேனாவை எடுத்தாள். ஒரு வார்த்தை எழுதியதும் கை நின்றுவிட்டது.

பேருக்கு உடையவள் எங்கே என்று, கவிதையைப் பற்றிக் கேட்பதுபோலவே கேட்டாள்.

“ஆத்துல.”

கல்லாற்றின் கறுத்த கயமும், கரையில் தான் கத்திக்கொண்டு நின்றதும் அனுஷாவின் கண்முன் வந்தன. பேனாவைக் கீழே வைத்தாள்.

“அந்த வெள்ளத்துலயா இப்பவும் கெடக்கா?”

கௌசல்யா இல்லை என்று தலையசைத்தாள். சமையலறைப் பக்கம் விரலை நீட்டினாள்.

இந்தத் தெருவில் ஆத்துல என்றால் வீட்டில் என்றும் அர்த்தம் உண்டு. அனுஷாவுக்கு அது அப்போதுதான் உறைத்தது.

சமையலறையிலிருந்து கௌசல்யாவின் அம்மா சூடாமணி மாமி காப்பி கொண்டு வந்தார். ஒரு டம்ளரை அனுஷாவிடம் கொடுத்தார். ஒன்றை, முகம் பார்க்காமல், கௌசல்யாவின் முன்னால் வைத்தார். தட்டில் இன்னும் ஒன்று இருந்தது.

மாமி அதைத் தனக்கென்று எடுக்கவில்லை. தட்டோடு நின்றுகொண்டே இருந்தார்.

பிறகு தாழ்ந்த குரலில் அனுஷாவிடம் சொன்னார்:

“சித்த நகந்துக்கோம்மா. கௌசு நிக்கறா பாரு.”

அனுஷா அசைவதற்கு முன்பே, எதிரே உட்கார்ந்திருந்தவள் ஒதுங்கி இடம் விட்டாள்.