கறார் சார் தராத கடிதம்

"ரெண்டே பாரா சார். அதுக்கா இவ்வளவு யோசிக்கிறீங்க?"

கேட்டுவிட்டு, மாணவி மேசைக்கு இன்னும் ஓர் அடி நெருங்கி நின்றாள். மூன்று வருடமாக இந்தப் பேராசிரியரிடம்தான் மாடாய் உழைக்கிறாள். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு எந்த வேலைக்கு மதிப்பு கூடுகிறது, எதற்குக் குறைகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'கறார்'.

வெளியூர் ஆய்வு மையம் ஒன்றில் ஒரே ஓர் இடம் காலி. நேர்முகத் தேர்வுக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். சிபாரிசுக் கடிதம் இருந்தால் கொண்டுவரலாமாம்.

"நான் எழுத மாட்டேம்மா" என்றார் கறார், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மத்தவங்களுக்கெல்லாம் அவங்கவங்க சார் அஞ்சு நிமிஷத்துல குடுத்துட்டாங்க."

"மெஷினை எழுதச் சொல்லியிருப்பாங்க. மெனக்கெடாம கிடைக்கிற புகழ்ச்சியை எவன் நம்புவான்? நம்ம கட்டுரையிலயே அதைத்தானே எழுதியிருக்கோம்?"

"அது கட்டுரை சார். இது என் வாழ்க்கை!"

அவர் மறுபடி விசைப்பலகையைத் தட்ட ஆரம்பித்தார். அவள் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

தேர்வுக்கு முதல் நாள், கடைசியாக ஒரு தடவை கெஞ்சிப் பார்க்கலாம் என்று போனாள். அறை பூட்டியிருந்தது.

"சார் இன்னிக்கு லீவு" என்றார் அலுவலக உதவியாளர்.

"நான் வருவேன்னு தெரிஞ்சே ஒளிஞ்சுக்கிட்டாருடி" என்று தோழியிடம் பொருமினாள். "தன் காரியம் முடிஞ்சாச்சு. இனிமே நான் எக்கேடு கெட்டா அவருக்கென்ன?"

தோழியும் தன் பங்குக்கு நாலு வார்த்தை திட்டினாள்.

மறுநாள், தேர்வுக்குழுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்னாள். அவர் மேசையில் மற்றவர்களின் கடிதங்கள் கட்டாகக் கிடந்தன.

"சந்தோஷம்மா. அடுத்த வாரமே வந்து சேர்ந்துடுங்க."

நம்பவே முடியவில்லை அவளுக்கு. கூடவே, அடக்கி வைத்திருந்த ஆத்திரமும் எட்டிப் பார்த்தது.

"ரொம்ப நன்றி சார். சிபாரிசே இல்லாம கிடைச்சதுதான் எனக்குப் பெருமை. எங்க பேராசிரியர் ஒரு கடிதம்கூட எழுதித் தர மாட்டேன்னுட்டார்."

தலைவர் கடிதக் கட்டை ஓரமாகத் தள்ளினார்.

"இதுல ரெண்டு படிச்சேன். அச்சு அசலா ஒரே மாதிரி. மிச்சத்தைத் தொடவே இல்லை. ஆனா உங்க பேராசிரியர் ராத்திரி பஸ்ஸுல கிளம்பி நேத்து காலையில இங்க வந்துட்டாரே! எனக்கு மீட்டிங் முடியிற வரைக்கும், சாயங்காலம் வரைக்கும் வாசல்லயே உட்கார்ந்திருந்தாரும்மா, உங்களைப் பத்தி என்கிட்ட நேர்ல சொல்லணும்னு."