ஒரே கையில் இருந்த நம்பர்

“எதிர்க்கடை மீரா முகைதீன் கேமரா வச்ச போன் செட்டையே சும்மா தர்றாராம். ரெண்டு வருஷத்துக்குக் கான்ட்ராக்ட் எழுதினாப் போதுமாம். நீங்க என்ன தர்றீங்க, பாய்?”

வந்தவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு கேட்டார். பெயர் தாமஸ், வீடு மிங்கலாடோனில், வேலை ஏதோ ஆபீஸில் என்று சொல்லியிருந்தார். அப்துல் சமது அவரை வாய்க்கு வாய் ‘சயா’ என்றார். ரங்கூனில் சட்டைப்பையில் பேனா வைத்திருக்கிற எவரையும் அப்படி மரியாதையாகக் கூப்பிட்டு வைப்பது நல்லது.

“கேமரா இல்ல சயா. ஆனா கலர் செட்டு, கூட ஒரு பேட்டரி, சார்ஜர், உறை. அம்புட்டும் ஃப்ரீ. மாச வாடகையும் அவரு சொல்றதவிடக் கொறச்சு.”

இந்த ஊரில் சிம் கார்டு என்பது வீட்டுமனை மாதிரி. வசதி உள்ளவன் வாங்குவான், இல்லாதவன் வாடகைக்கு எடுப்பான். பசுந்தாங்கில் குடைக்கடை வைத்திருக்கும் அப்துல் சமது, இரண்டு வருஷத்துக்கு முன் மனைவி மதீனா பீவியின் வளையல் அத்தனையையும் விற்று ஒரு சிம் வாங்கினார். மழையில்லாத மாதங்களில் அந்த வாடகையில்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

அந்த சிம் நாலு மாதமாக டிராயரில் தூங்குகிறது. எதிர்க்கடையில் ‘செட் இலவசம்’ என்று போர்டு தொங்கியதிலிருந்து இந்தப் பக்கம் ஒரு ஈ காக்காய் வரவில்லை. இந்த வாரமும் ஆள் கிடைக்காவிட்டால், மகள் இன்ஷாவின் படிப்பை நிறுத்தி லைங் தாயா தையல் ஃபேக்டரி பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டியதுதான். அவளுக்குப் பதினைந்து வயது. கணக்கில் வகுப்பிலேயே முதல்.

வாசலில் இரண்டு பேர் கறுப்பு மழைக்குடைகளை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரி மாதத்தில் மழைக்குடை பார்ப்பவன் வாங்கவா போகிறான் என்று அப்துல் சமது அவர்களைக் கண்டுகொள்ளவில்லை.

தாமஸ் செட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“செட்டு கெடக்கட்டும். நம்பர் எப்பிடி? பழைய ஆளத் தேடி எவனெவனோ கூப்பிட்டா நமக்குத் தொந்தரவு.”

இதைக் கேட்டதும் அப்துல் சமதுக்கு உயிர் வந்தது. மீரா முகைதீனுடைய நம்பர் ஐந்தாறு கை மாறியது என்பது தெருவுக்கே தெரியும்.

“ஒரே கை சயா! வாங்குன நாள்லேர்ந்து என் கையில மட்டுந்தான் இருக்கு.”

பச்சைப் பொய். போன ஏப்ரலில் மாடியில் குடியிருந்த டியூஷன் வாத்தியார் அதை ஒரு வருஷத்துக்கு எடுத்திருந்தார். அக்டோபரில் ஒருநாள் காலையில் போனை மேசைமேல் வைத்துவிட்டு, மீதி அட்வான்ஸைக்கூடக் கேட்காமல் வீட்டையும் காலி செய்துவிட்டார். அட்வான்ஸ் மிஞ்சியதில் அப்துல் சமதுக்கு ஏக சந்தோஷம்.

மதீனா பீவி டீ கொண்டுவந்து வைத்தாள். பொய் சொன்னால் பொறுக்காத மனுஷி.

“என்னங்க, மாடி வாத்தியாரு கையில...”

“நீ உள்ள போ! ஏவாரம் பேசுற எடத்துல ஒனக்கென்ன?”

“யாரு பாய், வாத்தியாரு?” என்றார் தாமஸ், டீயை ஆற்றியபடி.

“மகளுக்கு டியூஷன் சொல்லிக் குடுத்தவரு சயா. அவருக்கும் நம்பருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

“ஆகஸ்ட், செப்டம்பர்லகூட வேற யாரும் தொடலியே?”

“என்ன சயா நீங்க! பிக்குங்க ஊர்வலம், பட்டாளத்தோட துப்பாக்கிச் சூடுன்னு கடையெல்லாம் அடச்சிக் கெடந்துச்சே, அப்பக்கூட என் கைலி மடிப்புலதான் இருந்துச்சு. பொண்டாட்டிகிட்டகூடக் குடுத்ததில்ல.”

தாமஸ் முதல்முறையாகச் சிரித்தார். அப்துல் சமதுக்கு வியாபாரம் படிந்துவிட்டது என்று தெரிந்துபோயிற்று.

“அப்ப அதையும் கான்ட்ராக்ட்ல எழுதிருங்க பாய். பர்மா பாஷையில எழுதுங்க, எங்க ஆபீஸ்ல தமிழ் தெரியாது. வாய் வார்த்தைய நம்பவும் மாட்டாங்க.”

அப்துல் சமது மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதினார். பெயர், அடையாள அட்டை எண், வீட்டு விலாசம். வாங்கிய நாள்முதல் இன்றுவரை இந்த நம்பரில் பேசியது நான் ஒருவனே, வேறு யாருக்கும் கொடுத்ததில்லை என்று கடைசி வரி. தேதி போட்டு, கையெழுத்திட்டு, கேட்காமலே கட்டைவிரல் ரேகையும் வைத்தார். மீரா முகைதீன் இவ்வளவு சுத்தமாக எழுதிக் கொடுப்பாரா என்று மனதுக்குள் ஒரு பெருமை.

தாமஸ் அதை இரண்டு தடவை படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“மதீனா! இன்ஷாகிட்டச் சொல்லு, அடுத்த வருசமும் ஸ்கூலுக்குத்தான் போறா!” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார் அப்துல் சமது. பிறகு செட்டை உறையில் போட்டு, இரண்டு கைகளாலும் மரியாதையாக நீட்டினார்.

தாமஸ் வாங்கவில்லை. வாசலில் நின்ற இருவரும் குடைகளை மடக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து, அப்துல் சமதுக்கு இரு பக்கமும் நின்றார்கள்.

“அப்ப செப்டம்பர் ஊர்வலத்தப் பத்தி இந்த நம்பர்லேர்ந்து வெளிநாட்டு ரேடியோவுக்குப் பேசுனது நீங்கதான். கெளம்புங்க, பாய்.”