பாரிஸ் மாப்பிள்ளையின் வரிக்காசு

சேலைப் பெட்டியைத் திறந்து கௌரியின் மடியில் வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் அக்கா பிரஷாந்தினி பெருமையோடு சொன்னாள்.

“லாச்சப்பலிலை எடுத்தது அன்ரி. தம்பியின்ரை பாஸ்போட்டைக் காட்டி வாங்கினதாலை, வெளிக்கிடேக்கை எயாப்போட்டிலை வரிக்காசும் திரும்பக் கிடைச்சிட்டுது!”

சேலைக் கரையைத் தடவிக்கொண்டிருந்த கௌரியின் கை அப்படியே நின்றது.

தான் என்ன சொல்லிவிட்டோம் என்று பிரஷாந்தினிக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை கீர்த்திகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் குனிந்து தன் காலுறையைப் பார்த்தான்.

போன வருடம் கௌரி பாரிஸில் இருக்கிற தன் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த அதே லாச்சப்பலில் அவளும் சேலை எடுத்தாள். வரியைத் திருப்பி எடுக்கலாம் என்று தம்பி தன் அடையாள அட்டையை நீட்ட, கடைக்காரர் சிரித்தார். பிரான்சில் குடியிருக்கிறவர்களுக்கு அது கிடையாதாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்து, வாங்கியதைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்குத்தான் வரி திரும்புமாம். கடைசியில் கௌரியின் கனடா பாஸ்போர்ட்டை வைத்துத்தான் படிவம் எழுதினார்கள்.

அப்படியென்றால், சின்ன வயதிலிருந்தே பாரிஸில் இருக்கிறார் என்று சொல்லப்பட்ட இந்த மாப்பிள்ளைக்கு எப்படித் திரும்பியது?

கௌரிக்கு இருப்பது ஒரே ஒரு மகள்.

கணவர் இரவிச்சந்திரனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சோபாவின் மறுமுனையில் இருந்து, பாரிஸ் மெட்ரோ நல்லதா மொன்ட்ரியால் மெட்ரோ நல்லதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். மனிதருக்கு நல்ல ரயில் ஒன்று கிடைத்தால் போதும், மகளை ஏற்றி அனுப்பிவிடுவார்.

வீடு எந்தப் பக்கம், வேலை எங்கே, வேலைக்கு எதில் போவது என்று கௌரி சிரித்தபடியே விசாரித்தாள். பதில் எல்லாம் வந்தது. ஆனால் எல்லாமே அக்காவின் வாயிலிருந்து வந்தது. தம்பி தலையை மட்டும் ஆட்டினான்.

இவன் பாரிஸில் இல்லை. அது நிச்சயம்.

பிறகு எங்கே இருக்கிறான்? லண்டனிலா, சுவிஸிலா, கொழும்பிலா? விசாவுக்காகக் கட்ட வந்தவனா? ஏற்கெனவே எங்கேயாவது ஒரு குடும்பம் இருக்கிறதோ? கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை மொன்ட்ரியாலுக்கே வந்துவிடுவார் என்று பிரஷாந்தினி போனில் சொன்னபோது கௌரி குளிர்ந்துபோயிருந்தாள். இப்போது அதை நினைக்கவே பயமாக இருந்தது.

மகள் சாம்பவி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையை நிமிர்ந்தும் பார்க்காமல் வைத்துவிட்டுக் குசினிக்குத் திரும்பினாள். அடக்கமான பிள்ளை என்று பிரஷாந்தினி மெச்சினாள். இந்தப் பிள்ளையைப் போய் ஏமாற்றப் பார்க்கிறார்களே என்று கௌரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தேத்தண்ணியைக் குடித்து முடிக்கட்டும். மரியாதையாகக் கீழே கூட்டிக்கொண்டு போய், தெருவாசலில் வைத்து, எங்களுக்குச் சரிவராது என்று சொல்லிவிடுவது. சேலையையும் கையில் கொடுத்துவிடுவது. முடிவெடுத்துவிட்டாள்.

தெருவாசல் என்று நினைத்த பிறகுதான் இன்னொன்று மண்டையில் ஏறியது.

மொன்ட்ரியாலின் நோத்ர-டாம்-த-கிரேஸில் அவர்கள் இருக்கும் கட்டடம் பழையது. கீழ்க்கதவு மணி வேலை செய்வதில்லை. வருகிறவர்கள் குளிரில் நின்று போன் எடுத்துக் கூப்பிடுவார்கள், யாராவது இறங்கிப் போய்த் திறக்க வேண்டும். கைப்பிடியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடிப்பக்கத்தில் முழங்காலால் ஒரு இடி கொடுத்தால் வெளியிலிருந்தும் திறக்கும். அது அங்கே புழங்குகிற ஆட்களுக்கு மட்டும் தெரிந்த வித்தை.

இன்று யாரும் கீழிருந்து போன் எடுக்கவில்லை. யாரும் இறங்கவுமில்லை. இவர்கள் நேரே மேலே வந்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

கௌரி குசினிப் பக்கம் திரும்பினாள். நிலையைப் பிடித்தபடி சாம்பவி நின்றாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது மாப்பிள்ளையை அல்ல, தாயின் முகத்தை.

மூன்று வருடத்துக்கு முன்பும் அவள் அதே இடத்தில்தான் நின்றாள். இதே நகரின் வடக்கே, மொன்ட்ரியால்-நோரில் இருக்கிற ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று தொடங்கினாள். கௌரி பெயரைக்கூடச் சொல்லவிடவில்லை. படத்தைக் காட்ட நீட்டிய போனைத் தட்டிவிட்டாள். செத்துப்போவேன் என்று கத்தினாள். அதன்பிறகு மொன்ட்ரியாலிலிருந்து எந்தச் சம்பந்தம் வந்தாலும், அவனாக இருக்குமோ என்ற பயத்திலேயே தட்டிக்கழித்தாள். மகள் எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. மறந்துவிட்டாள் என்றுதான் கௌரி நினைத்திருந்தாள்.

கீர்த்திகனின் முகத்தை இப்போதுதான் அவள் ஒழுங்காகப் பார்த்தாள். பயந்துபோன, நல்ல முகம். இதே நகரில் பஸ் எடுத்து வரக்கூடியவன், பாரிஸைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறான். கோபம் வரும் என்று கௌரி காத்திருந்தாள். வெட்கம்தான் வந்தது.

இரவிச்சந்திரன் தொண்டையைச் செருமினார். உள்ளே போய், மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று மகளை ஒருக்கால் கேட்டுக்கொண்டு வரச் சொன்னார்.

கௌரி எழும்பவில்லை.

“இப்ப போய் என்னத்தைக் கேக்கிறது? மூண்டு வருசத்துக்கு முன்னமே கேட்டிருக்கவேணும்,” என்றாள்.

அங்கே ஒன்றும் விளங்காமல் விழித்தவர் இரவிச்சந்திரன் ஒருவர்தான்.