பிளாஸ்டிக் பசு வகுப்பில் ஒரே ஒரு இடம்

பூனைக்குப் பல் சுத்தம் செய்கிறவளுக்கு, பசுவுக்குப் பிரசவம் பார்க்கும் வகுப்பில் என்ன வேலை?

டாக்டர் வெர்லின் ஹாகன் தனக்குள் பொருமினார்.

அமெரிக்காவில், ராப்பிட் சிட்டி நகரத்து ஓட்டலில் கால்நடை மருத்துவர்களின் ஜனவரி மாநாடு. லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமானால் எத்தனை வயதானாலும் இங்கே வந்து வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். வெர்லின் வருஷா வருஷம் கடைசி வரிசையில் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு, நிம்மதியாகத் தூங்கியே படித்து முடித்துவிடுவார்.

இந்த வருஷம் தூக்கம் போயிற்று. காரணம், டாக்டர் ரோண்டா கிளைன்.

அவர்கள் ஊரில் இரண்டே டாக்டர்கள். மாடும் குதிரையும் இவருக்கு, நாயும் பூனையும் அவளுக்கு. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, அப்படியே அமைந்துவிட்டது.

ஆனால் காலையில், மாநாட்டுக் கடைகளில் ரோண்டா தோள் வரைக்கும் வருகிற கிளவுஸ் ஒரு பெட்டி வாங்கினாள். கூடவே, பிரசவத்தில் கன்றை இழுக்கிற சங்கிலியும். பசுப் பிரசவ வகுப்பு எங்கே நடக்கிறது என்றும் விசாரித்தாள். போன வாரம், மாடு வளர்க்கிற மெர்லுடைய பண்ணையில் அவள் வண்டி நின்றதாகவும் கேள்வி. மெர்லுடைய நாயை இவர் அன்றைக்குத்தான் பார்த்திருந்தார். குத்துக்கல் மாதிரி இருந்தது. அப்படியானால் அவள் மாட்டுக்காகத்தான் போயிருக்கிறாள்.

'தோள் விஷயம் தெரிஞ்சுபோச்சு. எப்படித்தான் மூக்குல வேர்த்ததோ!' என்று பல்லைக் கடித்தார்.

வருஷக்கணக்காக மாடுகளுக்குள் கையை விட்டுச் சினை பார்த்ததில் அவருடைய வலது தோள் தேய்ந்து கிடந்தது. காப்பிக் கோப்பையைக்கூட இடது கையால்தான் தூக்கினார். வீட்டில் மனைவி ஆர்டிஸைத் தவிர யாருக்கும் தெரியாது. பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான், அடுத்த போன் ரோண்டாவுக்குப் போகும்.

நேரே வகுப்பு வாசலுக்கு நடந்தார். அங்கே அவருடைய காலேஜ் கூட்டாளி கர்ட் நின்றிருந்தான். வகுப்பு எடுப்பவன் அவன்தான். உள்ளே, வயிற்றில் ரப்பர்க் கன்றோடு பிளாஸ்டிக் பசு தயாராக நின்றது.

"கர்ட், ரோண்டா சேர்ந்தாச்சா?"

"இன்னும் இல்ல. ஒரே ஒரு இடம்தான் பாக்கி. அடையாள அட்டையை ரூம்ல விட்டுட்டு வந்துட்டா. அது இல்லாம சேர்க்க முடியாதுன்னேன், எடுக்க ஓடியிருக்கா."

"அந்த இடத்தை எனக்குக் குடு."

கர்ட் வாய்விட்டுச் சிரித்தான். "யோவ், உனக்கென்ன பைத்தியமா? இந்த வகுப்பை நீ எடுக்கணும்யா!"

"புதுசா ஏதாவது கத்துக்கலாம்னுதான்."

"பிளாஸ்டிக் பசுகிட்டயா?"

"குடுய்யா, பேசாம!"

வெர்லின் கழுத்தில் தொங்கிய அட்டையில் கர்ட், இடம் கிடைத்ததற்கு அடையாளமாக ஒரு பச்சை வில்லையை ஒட்டினான். வகுப்பு நிறைந்தது.

ரோண்டா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சாரிம்மா, இடம் போயிடுச்சு" என்றான் கர்ட்.

"ஐயோ! மறுபடி எப்போ?"

"அடுத்த ஜனவரிதான்."

அவள் முகம் தொங்கிப்போயிற்று. வெர்லினுக்குப் பரம திருப்தி. அப்போதுதான் அவள் அந்தப் பச்சை வில்லையைப் பார்த்தாள்.

"டாக்டர்... நீங்களா எடுத்துக்கிட்டீங்க?"

"ஏன், நான் படிக்கக் கூடாதா? அது கிடக்கட்டும். பூனைங்க கசந்துபோச்சா ரோண்டா? என் மாடுங்க மேல கண்ணு விழுந்திருக்கு?"

அவள் நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா டாக்டர். உங்க மாடுங்கதான் வேணும்."

"கேட்டியா கர்ட்! அவ வாயாலயே வந்துடுச்சு பாரு!"

"மார்ச்சும் ஏப்ரலும் மட்டும். கன்னு போடுற சீசன் முடிஞ்சதும் நீங்களே வெச்சுக்குங்க. அந்த நாத்தம் எனக்கு ஆகாது."

வெர்லின் விழித்தார்.

"ஆர்டிஸ் போன்ல அழுதாங்க, டாக்டர். இந்தக் குளிர்காலத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணலைன்னா உங்க தோள் அப்புறம் எதுக்கும் உதவாதாம். ஆனா நீங்க, 'நான் படுத்துட்டா மாடுங்களை யார் பார்ப்பா'ன்னு தள்ளிப்போட்டுக்கிட்டே இருக்கீங்களாம்."

"அவ உன்கிட்ட..."

"காலேஜ் விட்டப்புறம் நான் மாட்டைத் தொட்டதே இல்ல. சும்மா வந்து 'நான் பார்த்துக்கறேன்'னு சொன்னா நம்பி விடுவீங்களா? அதான் முதல்ல கத்துக்கிட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன். எந்த மாடு எப்போ ஈனும்னு மெர்ல்கிட்டகூடக் கேட்டு வெச்சிருக்கேன்."

கர்ட் கூரையைப் பார்த்தான்.

வெர்லினுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி அவளிடம் கொடுக்க வலது கையைத் தூக்கினார். கை மார்புக்கு மேலே எழும்பவில்லை.

"இருங்க டாக்டர்" என்று ரோண்டாதான் மெதுவாகக் கழற்றிவிட்டாள்.